எட்டுன்னு எழுதிக்கம்மா

ஸ்ரீதர்: எட்டுன்னு எழுதிக்கம்மா.

நஜியா: எட்டா சார்?

ஸ்ரீதர்: பின்ன? இந்த சில்வர் பீச்சுல ஓட்டம்னு ஒன்னு வந்ததே என்னாலதான். கிளப்பு தலைவனுக்கு எட்டுக்கு மேல எப்படிம்மா வரும்? நீயும் கூடவே ஓடியாரியே, களைப்பா இல்ல?

நஜியா: ம்ஹூம். நம்பர் கணக்கு ஞாபகம் இருக்கா சார்?

ஸ்ரீதர்: நீதானே சிதம்பரத்துலேர்ந்து ஆராய்ச்சின்னு வந்து சொன்ன? எவ்ளோ சிரமம்னு ஓடுறவனே சொல்லணும். சும்மா உக்காந்திருந்தா ஆறு. உசுரு போனா... இருபது.

நஜியா: ஏன் ஆறு?

ஸ்ரீதர்: பத்தால பெருக்குனா... நாடித்துடிப்பு. ஆறுன்னா அறுவது. கிட்டத்தட்ட.

நஜியா: எட்டுன்னா?

ஸ்ரீதர்: எம்பது.

நஜியா: வாட்ச்சுல?

ஸ்ரீதர்: நூத்தி... எழுவத்திரெண்டு. உப்புக் காத்தும்மா... வாட்ச்சு கெட்டுப்போச்சு.

நஜியா: கலியமூர்த்தி சார் எங்க?

ஸ்ரீதர்: அன்னிக்கி உங்கிட்ட... பதினாறுன்னாரே. நடக்குற குரூப்புக்கு மாத்திட்டேன். பதினஞ்சைத் தாண்டுனா... ஓடக் கூடாது. ரூல். நான் போட்டது.

நஜியா: அப்புறம்?

ஸ்ரீதர்: அப்புறம் ஒருத்தனுக்கும்... சிரமமே இல்ல. என் பயிற்சி... அப்படி.

நஜியா: முப்பத்தெட்டு பேரு. எல்லாரும் எட்டு.

ஸ்ரீதர்: பாத்தியா...

நஜியா: பொய் சார். என் தீசிஸ் என்னாவும்?

ஸ்ரீதர்: எட்டுதாம்மா...

நஜியா: ஒரே ஒரு நெஜம் சார்...

ஸ்ரீதர்: ஞாயித்துக்கெழம ரேஸு... மொத வரிசையில... கொடி புடிக்கிறதே நான்...

நஜியா: எவ்ளோ சார்?

ஸ்ரீதர்: நில்லு... நில்லும்மா. யப்பா... பத்தொம்போது. எழுதிக்க, பத்தொம்போது! இந்த மணல்லயே... உக்காந்துக்கறேன்.

நஜியா: எழுதிட்டேன்.

ஸ்ரீதர்: அந்தப் போனைக் குடு. கலியமூர்த்தி நாளைக்கு எத்தினி மணிக்கு நடக்குறாருன்னு கேக்கணும்... ஆனா ஒன்னும்மா. மூணு கிலோமீட்டரும் நான் பேசப் பேச, நீ ரெண்டு வார்த்தைக்கு மேல வாயத் தொறக்கல. எங்கிட்ட இவ்ளோ மரியாதையா எவனும் கேட்டுக்கிட்டு வந்ததில்ல.

நஜியா: மரியாதை இல்ல சார்... மூச்சு இல்ல.