தீவைக் கைமாற்றும் பேச்சு

நிக்கோபாரில் உள்ள கட்சால் தீவுக்குப் போகும் கப்பலின் மேல்தளத்தில் கண்மூடிச் சாய்ந்திருந்தேன். கடல் எண்ணெய் பூசியதுபோல் அசையாமல் கிடந்தது. பின் பெஞ்சில் ஒரு பெண்குரல் கேட்டது.

“ஏங்க, ஒரு தீவைக் கொடுத்தா, சுத்தியிருக்கிற கடலையும் சேர்த்துத்தான் கொடுப்பாங்களா?”

தூக்கம் போய்விட்டது. கண்ணைத் திறக்கவில்லை.

“அதையும் பேசித்தான் முடிவு பண்ணுவாங்க,” என்றார் அந்த அம்மாவின் கணவர். போனில் படித்த செய்தியைச் சொல்லிக்கொண்டு வந்தார். இதே சமுத்திரத்தில் ஏதோ ஒரு தீவுக்கூட்டத்தை ஒரு நாடு இன்னொரு நாட்டிடம் ஒப்படைக்கப் போகிறதாம். “எந்த ஊர்ல உட்காந்து பேசுறது, யார் யார் வர்றதுன்னு ரெண்டு பக்கத்து ஆபீசருங்களும் இப்ப பிளான் போடுறாங்க.”

“அச்சா. தீவுச் சனங்களும் உட்காருவாங்களா?”

“அவங்களை எப்பவோ வெளியேத்திட்டாங்க. எங்களையும் கூப்பிடுங்கன்னு கேக்குறாங்க. கூப்பிடுவாங்களா, மாலூம் நஹி, யாருக்குத் தெரியும்.”

அந்த அம்மா தன் கதைக்கு வந்தார்.

“சிலோன்ல எங்களையும் இப்படித்தான் ரெண்டு நாடும் பேசிப் பிரிச்சாங்க. எங்கப்பா குடும்பம் இந்தியாவுக்கு, சித்தப்பா குடும்பம் அங்கேயே. தோட்டத்துல வந்து யாரும் எங்களைக் கேக்கல. நானும் சித்தப்பா மகளும் தேயிலைக்குள்ள ஒளிஞ்சு விளையாடிக்கிட்டு இருந்தோம்.”

“இதை நீ சொன்னதே இல்லியே?”

“கிளம்புற அன்னிக்கும் விளையாடினோம். அவ ஒளிஞ்சிருந்தா. நான் தேடுறதுக்குள்ள அப்பா என்னைத் தூக்கி லாரியில ஏத்திட்டாரு.”

கணவர் மெதுவாக, “அவ பேரைச் சொல்லு. இறங்கினதும் போன்ல தேடிப் பாப்போம்,” என்றார்.

அந்த அம்மா சொன்னார். இன்ஜின் சத்தத்தில் எனக்குத்தான் கேட்கவில்லை.