குதிரைக்காரன் போய்ச் சேர பதினோரு நிமிசம்

இதுல என் தப்பு என்னண்ணே இருக்கு, நீங்களே சொல்லுங்க. ஏணிய நான் பிடிச்சிருக்கேன், நீங்க ஏசியப் பாருங்க. காதை மட்டும் இந்தப் பக்கம் குடுங்க.

இங்க நாங்க ரெண்டே பேரு. நானும் மச்சானும்... என் வீட்டுக்காரியோட தம்பி. கம்ப்யூட்டர்ல போர் விளையாட்டு பண்றோம். கண்டபடி சுட்டுத் தள்ளுறது இல்லண்ணே. முந்நூறு வருசத்துக்கு முன்னாடி ஒரு ஆத்தங்கரையில நடந்த சண்டை, நெசமா நடந்த மாதிரியே. விதி போடுறது நான், புரோகிராம் எழுதுறது அவன். விளையாட்டு எப்படி இருக்கணும்னு மொத நாளே எழுதி செவுத்துல ஒட்டிட்டேன். அதோ, உங்க முழங்காலுக்குப் பக்கத்துல. ஒண்ணு, அந்தக் காலத்துத் தளபதிக்குத் தெரியாதது ஆடுறவருக்கும் தெரியக்கூடாது. ரெண்டு, தோத்தா ஏன் தோத்தோம்னு புரியணும். மூணாவது மச்சான் எழுதினது... "ஆடுறவர் தூங்கிடக்கூடாது." படிச்சவன் எழுதுற எழுத்தா அது?

தளபதி 'போ'ன்னா படை உடனே போயிடுமா? குதிரைக்காரன் கட்டளைச் சீட்டை எடுத்துக்கிட்டுப் போகணும். சேறு இருக்கு, பனி இருக்கு, வழி தப்பும். அத்தனையும் வச்சேன். "மாமா, நெசம் வேணுந்தான். பொறுமை இல்லாதவங்களுக்கு ஒரு பட்டன் வைக்கிறேன், அமுக்கினா கட்டளை உடனே போயிடும்"னான். சொன்னபடி வச்சும்ட்டான். பட்டனாம். அந்தத் தளபதி என்ன பட்டனா அமுக்கினாரு?

இன்னிக்குக் காலையில, விளையாட்ட வாங்கி விக்கிற கம்பெனிக்காரர் வந்தாரு. ரெண்டு வருச உழைப்புண்ணே, அவர் தலையாட்டினாத்தான் வெளியில வரும். உக்காந்தாரு. குதிரைப்படைய முன்னேறச் சொன்னாரு. திரை பூரா பனி. காபி குடிச்சாரு. இன்னொரு காபி குடிச்சாரு. பதினோரு நிமிசம். அப்புறம் படை கெளம்பி நேரா சொந்தப் பீரங்கி மேலயே ஏறுச்சு. சரித்திரத்துல நடக்காததா? நான் பெருமையா அவர் மூஞ்சியப் பாத்தேன். அவர் கடிகாரத்தப் பாத்துக்கிட்டு இருந்தாரு.

மச்சான் பதறிப்போயி பட்டனத் தேடினான். காணோம். "என் புரோகிராம்ல தப்பு சார், சாயங்காலத்துக்குள்ள சரி பண்ணிடுறேன்"னு கெஞ்சினான். ஆறு மணிக்கு வர்றேன்னுட்டுப் போயிருக்காரு.

அப்பலேர்ந்து அடுத்த ரூம்ல உக்காந்து, எழுதின பன்னெண்டாயிரம் வரியையும் வரி வரியா படிக்கிறான். சாப்பிடவும் இல்ல. அதுல தப்பு எதுவும் இல்லண்ணே... நேத்து மத்தியானம் அவன் வெளிய போயிருந்தப்ப, வேற ஒரு ஃபைல்ல 'வேணும்'னு இருந்தத 'வேணாம்'னு மாத்துனேன். ஒரே வார்த்தை. பட்டன் மறைஞ்சிடுச்சு.

கேட்டான், கேக்காம இல்ல. "மாமா, நீங்க எதையாச்சும் தொட்டீங்களா?" நான் ஏன்டா தொடப்போறேன்னுட்டேன்.

அப்படிப் பாக்காதீங்கண்ணே. இந்நேரம் அவன் எட்டாயிரத்தத் தாண்டியிருப்பான்...

மச்சான், கொஞ்சம் இங்க வா.

இல்ல... நீ உக்காரு. நானே வர்றேன்.