குறைந்தபட்ச இருப்பு

– அரை இஞ்ச் பைப்பு எல்போ. எத்தனைக்குக் கீழ போனா ஆர்டர் போகணும்? சொல்லுக்கா, ஒரே ஒரு நம்பர்.

– அம்பது. இல்ல, இரு. மழை மாசம்னா நூறு வேணும்.

– மாசத்துக்கு ஒண்ணு இப்ப வேணாம்க்கா. குறைஞ்சபட்ச இருப்புன்னு இங்க ஒரு கட்டம் இருக்கு. சரக்கு அதுக்குக் கீழ இறங்குன அடுத்த நிமிஷம் கம்ப்யூட்டரே ஏஜென்சிக்கு ஆர்டர் அனுப்பிடும். நீ போன் பண்ண வேணாம், கெஞ்ச வேணாம். அவ்ளோதான், சிம்பிள்.

– கெஞ்சாம அந்தாளு எப்படா சரக்கு குடுத்திருக்கான்? நூறுன்னே போடு. காலைலேர்ந்து இருநூறு சாமான் சொல்லியாச்சு, தாடை கழண்டுரும் போல இருக்கு. ஞாயித்துக்கிழமை ஒரு நாள்தான் நான் கால நீட்டி உக்காருறது.

– இன்னைக்கு மட்டும் பொறுத்துக்கக்கா. இது முடிஞ்சா உனக்கு வேலையே இருக்காது. ஒரு தடவைக்கு எத்தனை வாங்கணும்?

– ஒரு மூட்டை. பிரிச்சுத் தர மாட்டான்.

– வந்து சேர எத்தனை நாள்?

– மூணு நாள்னு சொல்லுவான். எட்டு நாள்ல வரும்.

– அப்ப எட்டு.

– எட்டுன்னு போட்டா, டிரைவர் வரல, எனக்கு முட்டி வலின்னு பதிமூணு ஆக்குவான். நான் அவன் பொண்டாட்டிக்குப் போன் போடுவேன். மறுநாள் காலைல வண்டி வாசல்ல நிக்கும். உன் கம்ப்யூட்டர்கிட்ட அந்தம்மா நம்பர் இருக்கா?

– அக்கா!

– சரிடா சரிடா. பத்துன்னு போடு, நடுவுல.

– அடுத்து டெஃப்லான் டேப்பு.

– முப்பது போதும். ஆனா ஹாஸ்டல் தொறக்கறதுக்கு முந்தின வாரம் வாட்ச்மேன் வந்து மொத்தத்தையும் வாரிட்டுப் போயிருவாரு. அத எங்கயாவது குறிச்சு வெய்யி.

– அதுக்குக் கட்டம் இல்லக்கா.

– எனக்குன்னு வந்தா எதுக்குமே கட்டம் இருக்காது. ஆமா போ, அடுத்தது.

– பித்தளைக் குழாய், பழைய மாடல். ஏழு மாசமா ஒண்ணுகூட போகல. இத லிஸ்ட்லேர்ந்து தூக்கிடலாம்.

– அதத் தொடாத. தண்ணித் தொட்டிக்குப் பின்னாடி நாப்பது வீடு இருக்குல்ல, அங்க செவுத்துக்குள்ள ஓடுற பைப்பெல்லாம் அந்தக் காலத்து மரை. புதுக் குழாய் அதுல ஏறவே ஏறாது. ஒரு வீட்ல ஒழுக ஆரம்பிச்சா செவுத்தையே ஒடைக்கணும். எப்பவும் ஆறு கிடக்கட்டும்.

– விக்காத சாமான வெச்சிருந்தா கம்ப்யூட்டர் செவப்புல காட்டும்.

– காட்டிட்டுப் போகட்டும். எனக்குந்தான் சுகர் செவப்புல காட்டுது. கடையத் தொறக்காமலா இருக்கேன்?

– அக்கா, ஷட்டர் பாதி தொறந்திருக்கேன்னு எட்டிப் பாத்தேன். லீவா?

– வாய்யா பிளம்பரு. லீவுதான், இருந்தாலும் வந்துட்ட. என்ன வேணும்?

– முக்கா இஞ்ச் யூனியன் ரெண்டு குடுங்க.

– எங்க மாட்டப் போற?

– டெய்லர் வீட்டு மாடிலதான். மோட்டர் போட்டா ஜாயிண்ட்ல பீச்சி அடிக்குது.

– போன மாசம்தானே அத மாத்துன? யூனியன் போயிருக்காதுய்யா, உள்ள வாஷர் நைஞ்சு போயிருக்கும். அந்த நீல டப்பாவுல ரெண்டு ரப்பர் வாஷர் எடுத்துக்க. நிக்கலன்னா நாளைக்கு வந்து யூனியன் வாங்கிக்க.

– நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும். தம்பி, எப்ப வந்தீங்க? அக்கா ஒரு நாள் கடையத் தொறக்கலன்னா எங்க பொழப்பே நின்னுரும், தெரியும்ல?

– தெரியும்ணே.

– வரேன்க்கா.

– குனிஞ்சு போய்யா, ஷட்டர்ல தலைய இடிச்சுக்காத. என்னடா தம்பி, திடீர்னு மூஞ்சி தொங்கிப் போச்சு?

– ரெண்டு யூனியன் வித்திருக்கும். ரெண்டு வாஷர் குடுத்து அனுப்பிட்ட. இதெல்லாம் நான் எந்தக் கட்டத்துல எழுதறது?

– எழுதாத. இன்னும் எத்தனை இருக்கு?

– இதான் கடைசி. ஆர்டர் போனா, சரக்கு வரலன்னா, ஒரு மொபைலுக்கு மெசேஜ் போகும். அந்த நம்பர் மட்டும்தான். நானே போட்டுட்டேன்.

– கண்ணாடி இல்லாட்டியும் கடைசி எண்ணு தெரியுதுடா. என் நம்பர் நாலுல முடியும். இது ஒம்பதுல முடியுது.

– அக்கா, கொஞ்சம் உக்காரேன்.

– உக்காந்துதான் இருக்கேன்.

– அந்த நம்பருக்காரரு நம்ம கடைய வெலைக்குக் கேக்குறாரு. இந்த லைன்லயே வேற ரெண்டு கடை வெச்சிருக்காரு. பத்து நாளைக்கு முன்னாடி போன் பண்ணாரு. சரக்கு விவரமெல்லாம் உங்க அக்கா தலைக்குள்ளதான் இருக்கு, அத கம்ப்யூட்டர்ல ஏத்திக் குடுத்தா நாளைக்கே எடுத்துக்கறேன்னாரு. நான் வந்தது அதுக்குத்தான்.

– எனக்கு ஓய்வு குடுக்க வந்தேன்னு சொன்ன?

– அதுவும்தான்க்கா, சத்தியமா. போன தடவ அந்த ஏணில நீ ரெண்டு படிக்கு ஒரு தடவ நின்னு மூச்சு வாங்குன. ஊருக்குப் போயும் அதேதான் கண்ணுல நின்னுச்சு. அப்பா போனப்ப எனக்குப் பதினாலு. நீ காலேஜ பாதில விட்டுட்டு இந்த ஸ்டூல்ல வந்து உக்காந்த. இருபத்திரண்டு வருசம். நான் படிச்சு வேலைக்குப் போனதே நீ உக்காந்ததாலதான். அப்படி இருக்கும்போது, இத வித்துடலாமான்னு உன் மூஞ்சியப் பாத்து எப்படிக் கேப்பேன்? கடைன்னா உனக்கு உசுரு. எல்லாத்தையும் முடிச்சுட்டு மெதுவா சொல்லலாம்னு நெனச்சேன். தப்புதான். திட்டுக்கா, ஏதாவது சொல்லு.

– கடைன்னா எனக்கு உசுருன்னு யாருடா சொன்னா?

– யாரு சொல்லணும்? ஒரு நாளாவது அலுப்பா இருக்குன்னு சொல்லிருக்கியா நீ?

– சொன்னா உனக்கு நீ படிச்சதெல்லாம் முள்ளாக் குத்தும். சாப்பிடறப்ப குத்தும், புள்ளையத் தூக்கறப்ப குத்தும். அதான் வாய மூடிட்டு எல்போவ எண்ணிட்டு இருந்தேன்.

– அப்ப... அவருக்கு நான் சரின்னு சொல்லிடவா?

– அவரு மொதல்ல என்கிட்டதான்டா வந்தாரு. உன் நம்பர எழுதிக் குடுத்து, தம்பிகிட்ட நீங்களா கேக்குற மாதிரி கேளுங்க, நான் அனுப்புனேன்னு மட்டும் சொல்லிராதீங்கன்னு அனுப்பி வெச்சதே நான்தான்.