நான்காவது சர்வர்

எனக்குத் தேநீர் வேண்டாம், ஐயா. வாசலில் நிற்கும் காவலருக்குக் கொடுங்கள். காலையிலிருந்து நின்றுகொண்டே இருக்கிறார்.

மருத்துவமனையிலிருந்து வெளியே போகும் மின்னஞ்சல்கள் எந்த சர்வர் கணினி வழியாகப் போக வேண்டும் என்று அமைப்பது என் வேலை. ரசீதுகளுக்கு ஒன்று, சந்திப்பு நேரங்களுக்கு ஒன்று, பரிசோதனை முடிவுகளுக்கு ஒன்று. நான்காவது பழையது. எதைக் கொடுத்தாலும் 'பெற்றுக்கொண்டேன்' என்று பதில் சொல்லும், வெளியே அனுப்பாது. நிறுத்திவிடச் சொன்னார்கள். எனக்கு மனம் வரவில்லை.

ஒருநாள் நடைக்கூடத்தில் ஒரு பெண் தன் மகளுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தாள். கைபேசி ஒலித்தது. எடுத்து, வந்த மின்னஞ்சலைப் படித்தாள். அதன்பின் அவள் கை எழவேயில்லை. குழந்தை பாதிப் பின்னலோடு அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றது. அந்தக் கடிதம் நான் அமைத்த வழியில்தான் வந்திருந்தது.

மறுநாள், வழக்கம்போலக் கண்மூடி வேண்டிக்கொண்டு, ஒரே ஒரு வரியை மாற்றினேன். புற்றுநோய்ப் பிரிவு அனுப்பும் கடிதங்கள் எல்லாம் இனி நான்காவது சர்வருக்கு.

அந்தப் பிரிவின் பெரிய டாக்டர் ஒருமுறை கேட்டார். "ஏம்ப்பா, மெயில் ஒழுங்காப் போகுதா? வரச் சொன்னா ஒருத்தரும் எட்டிப் பாக்க மாட்டேங்கறாங்களே."

"எல்லாம் போயிடுச்சுன்னுதான் காட்டுது டாக்டர். பயந்துக்கிட்டு இருப்பாங்க."

"என்ன ஜனங்களோ" என்று போய்விட்டார்.

என் அக்காவும் அந்தப் பிரிவில்தான் பரிசோதனை செய்துகொண்டாள்.

"ஊருக்கெல்லாம் மெயில் அனுப்புற பெரிய மனுஷா, என் ரிசல்ட் எங்கடா?"

"ஒண்ணும் வரலைன்னா ஒண்ணும் இல்லைன்னு அர்த்தம்க்கா."

"உன் வாய்க்குச் சர்க்கரை போடணும்டா."

அந்த மழைக்காலம் முழுவதும் அவள் நிம்மதியாகத் தூங்கினாள். மாமாவின் நடையை நடித்துக்காட்டி, வயிறு குலுங்கச் சிரித்தாள். கோடையில் போய்ச் சேர்ந்தாள். அந்தச் சிரிப்பு நான் கொடுத்தது என்றுதான் இன்றும் நம்புகிறேன்.

மற்றவர்கள் எத்தனை பேர் என்று கேட்கிறீர்கள். நான் எண்ணிப் பார்க்கவில்லை. அவர்களும் சிரித்திருப்பார்கள்.

ஆம், நான்தான் செய்தேன். ஆனால் ஒன்றையும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள். ஒரு கடிதத்தைக்கூட நான் திறந்து பார்த்ததில்லை. அடுத்தவர் கடிதத்தைப் படிப்பது பாவம்.

அக்காவுக்குப் போயிருக்க வேண்டியதை அச்சிட்டு என் முன்னால் வைத்திருக்கிறீர்கள். ஆரம்ப நிலைதான், உடனே வந்தால் முழுதாகக் குணமாகிவிடும் என்று அதில் இருப்பதாகச் சொல்கிறீர்கள்.

இருக்கலாம். தயவுசெய்து அதைக் கவிழ்த்து வையுங்கள், ஐயா. அது அவளுக்கு எழுதியது.