நீ துன்னு, நான் பாக்கறேன்

விழுப்புரத்தில் பேருந்து கிளம்பும்போது எனக்கு முன் இருக்கையில் இருந்த பெண் ஜன்னல் வழியாக அவித்த மல்லாட்டை (வேர்க்கடலை) ஒரு பொட்டலம் வாங்கிக் கணவரின் மடியில் வைத்தார். புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு கொடுத்ததில் அந்தப் பெண்ணின் கழுத்து கறுத்திருந்தது.

"நீ துன்னுய்யா. நான் பாக்கறேன்."

"இன்னாமே பேசற? உன்ன பக்கத்துல வெச்சிக்கினு எனக்கு எறங்குமா?"

"கரண்டு வெச்சதுல எனக்குத்தான் ருசி செத்துப்போச்சு. உனக்கு இன்னா கேடு? நீயும் உப்பில்லாத கஞ்சியே குடிச்சிக்கினு கெடக்கற. அதனால எனக்கு ருசி திரும்பிடிச்சா?"

"இல்ல."

"அப்புறம்? வூட்ல ஒருத்தராவது நல்லா துன்னாதான் எனக்கு மனசு ஆறும்."

கணவர் ஒன்றை உரித்து வாயில் போட்டார்.

"எப்படி இருக்கு?"

"நல்லா இருக்கு."

"உப்பு?"

"சரியா இருக்கு."

மனைவி ஒரு பருப்பை எடுத்து மென்று பார்த்தார். சற்று நேரத்தில் முந்தானையில் துப்பினார்.

"மண்ணு மாதிரி இருக்கு. நீயே துன்னு."

திண்டிவனம் வரை கணவர் உரித்து உரித்துத் தின்றார். மனைவி அவருடைய முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தார். பொட்டலம் காலியானதும் கேட்டார்:

"நல்லா இருக்குன்னு சொல்றவன் மூஞ்சியாய்யா இது?"