மூன்று மணி மாப்பிள்ளையும் ஒரு வரிக் கையேடும்

தாமதமாய் வந்தாலும் தளராத புன்னகையோடு தலைமையேற்றிருக்கும் நிறுவன இயக்குநர் தமிழ்மாறன் அவர்களே, மேடையை அலங்கரிக்கும் சான்றோர்களே, அடுப்பை அணைத்துவிட்டு அக்கறையோடு வந்திருக்கும் கருவடிக்குப்பத்துத் தாய்மார்களே, பின்வரிசையில் போண்டாவுக்குக் காத்திருக்கும் பெருமக்களே, தாமரைச்செல்வியின் வணக்கம்.

நேரம் கணக்கிடும் கருவிக்குக் கையேடு வெளியிடும் விழா இது. ஐந்து மணி விழாவை ஆறேகாலுக்குத் தொடங்கியிருக்கிறோம். சிரியுங்கள், தலைவரும் சிரிக்கிறார்.

கருவியின் பெயர் நாழிகை. நமக்காகச் சீட்டு எடுத்து, அழைப்பு அனுப்பும் செயற்கை நுண்ணறிவு உதவியாளருக்கு, தேதியும் நேரமும் கணக்குப் போட்டுத் தருவது. அதை எப்போது, எப்படிக் கேட்பது என்று உதவியாளருக்குச் சொல்வதுதான் கையேடு. பழைய கையேட்டில் என்ன இருந்தது தெரியுமா? "நாழிகை: நேரம் தொடர்பான செயல்களைச் செய்யும்." அவ்வளவுதான். என்ன சுருக்கம், என்ன சிக்கனம், என்ன சோம்பல்! பேருந்து நிலையத்தில் "பேருந்து போகும்" என்று பலகை வைத்ததைப் போல.

தமிழ் வாத்தியாருக்கு இதெல்லாம் எதற்கு என்று முன்வரிசையில் ஓர் ஐயா முணுமுணுக்கிறார். சொல்கிறேன் ஐயா. இந்த நிறுவனத்தில் வேலை செய்யும் இஷ்ரத், மூலக்குளத்தில் என் பக்கத்து வீட்டுப் பெண். போன அக்டோபர் கடைசி ஞாயிறு அவளுக்கு நிச்சயம். நானும் போயிருந்தேன். மாப்பிள்ளை நுஃமான் இருப்பது பிரான்சில். அவன் அம்மா கனீஸ் பாத்திமா, நெல்லித்தோப்பிலிருந்து தட்டுகளோடு வந்துவிட்டார். மாப்பிள்ளை மூன்று மணிக்குத் திரையில் தோன்ற வேண்டும். அவனுக்கு அழைப்பு அனுப்பும் பொறுப்பை நிறுவனத்தின் உதவியாளரிடம் ஒப்படைத்திருந்தாள் இஷ்ரத்.

மூன்று மணி. திரையில் யாரும் இல்லை. மூன்றேகால். இல்லை. போன் அடித்தது, எடுக்க ஆளில்லை. அந்த நேரத்தில் அவன் போனைச் சார்ஜில் போட்டுவிட்டு, நண்பனின் அறைக்கு முடிவெட்டிக்கொள்ளப் போயிருந்தான். இது பிறகு தெரிந்தது.

இஷ்ரத்தின் பெரியத்தா, அவள் தந்தையின் அண்ணன், மெல்ல ஆரம்பித்தார். "பிரான்ஸ்ல இருக்கிற பையன். அங்க ஏற்கெனவே ஒரு குடும்பம் இருக்கோ என்னவோ."

அவள் தந்தை ஷஹாபுதீன் முகம் இறுகியது. "இஷ்டம் இல்லன்னா முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல? இத்தன பேர வர வெச்சு அவமானப்படுத்தணுமா?"

"என் புள்ள அப்படிப்பட்டவன் இல்லீங்க" என்றார் கனீஸ் பாத்திமா. கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். கொண்டுவந்த தட்டுகளை எடுப்பதா, விடுவதா என்று தெரியாமல் நின்றார்.

உள்ளறையிலிருந்து இஷ்ரத் வெளியே வந்தாள். "மாமி, கொஞ்சம் உக்காருங்க" என்றாள். கையிலிருந்த போனில், எல்லோருக்கும் கேட்கும்படி உதவியாளரைக் கேட்டாள். "எத வெச்சு நேரம் கணக்கு போட்ட?"

அது அழகான தமிழில் சொன்னது: "மூன்றரை மணி நேர வித்தியாசம் என்று நானே ஊகித்தேன். நாழிகையைக் கேட்கவில்லை. எப்போது கேட்க வேண்டும் என்று அதன் கையேட்டில் இல்லை."

"இப்ப கேளு."

கேட்டது. அன்று அதிகாலை பிரான்சில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் திருப்பி வைத்திருக்கிறார்கள். குளிர்காலத்துக்காக ஆண்டுதோறும் நடப்பதுதான். வித்தியாசம் நாலரை மணி நேரமாகிவிட்டது. பாவம், மாப்பிள்ளை நம் நான்கு மணிக்குத்தான் வருவான்.

காத்திருந்தோம். யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. நான்கு மணிக்குப் புதுச் சட்டையில், வெட்டிய முடியோடு நுஃமான் தோன்றினான். "ஏன் எல்லாரும் இப்படி உக்காந்திருக்கீங்க? யாருக்காச்சும் உடம்பு சரியில்லையா?"

ஷஹாபுதீன் எழுந்து கனீஸ் பாத்திமாவின் முன் நின்றார். "நான் பேசுனது தப்பு, சம்மந்தி" என்றார். அந்த அம்மா அழுதுகொண்டே அவரிடம் இனிப்புத் தட்டை நீட்டினார்.

மறுநாள் காலை இஷ்ரத் இயக்குநர் அறைக்குள் போனாள். கையேட்டைத் திருத்தி எழுத வேண்டும் என்றாள். நம் தலைவர் என்ன சொன்னார்? "அதெல்லாம் யாரும்மா படிக்கப் போறாங்க?"

"மனுஷங்க படிக்க மாட்டாங்க சார். அது படிக்குது. ஒரு எழுத்து விடாம படிக்குது. நாம எழுதலன்னா ஊகிக்குது."

தலைவர் தலைகுனிகிறார். நிமிருங்கள் ஐயா, அனுமதி தந்தவரும் நீங்கள்தானே.

அவள் எழுதிய புதுக் கையேட்டின் முதல் வரிகளை வாசிக்கிறேன். "இரண்டு ஊர்களின் நேரத்தை நினைவிலிருந்து சொல்லாதே. ஊரையும் தேதியையும் கொடுத்து நாழிகையைக் கேள். தேதி தெளிவாக இல்லையென்றால் ஊகிக்காதே, சொன்னவரிடமே திரும்பக் கேள்."

இது இயந்திரத்துக்கு மட்டுமா எழுதப்பட்டது? இயந்திரம் ஊகித்தது ஒரு மணி நேரத்தை. அந்தக் கூடம் ஊகித்ததோ ஒரு மனிதனின் ஒழுக்கத்தை. எது பெரிய பிழை? எது ஒரு தாயை அழ வைத்தது? கேட்டதும் இயந்திரம் "நானே ஊகித்தேன்" என்று ஒப்புக்கொண்டது. பெரியத்தா இன்றுவரை ஒப்புக்கொள்ளவில்லை.

நமக்கு யார் கையேடு எழுதுவது? எழுதினால்தான் நாம் படிப்போமா?

தை மாதம் நிக்காஹ். நுஃமான் நேரிலேயே வருகிறான். நல்ல தமிழில், நாலு பேருக்குப் புரிய எழுதிய இஷ்ரத்துக்கு என் வாழ்த்து. கேட்டுத் தெரிந்துகொள்ளும் பொறுமை உள்ள அத்தனை பேருக்கும் என் நன்றி. இல்லாதவர்களுக்கும் வணக்கம்.