பார்வோ வார்டு

புதிதாக வந்த நாய்க்கு முதல் நாள் சோறு வைக்கக் கூடாது, மேடம். தண்ணீர்க் கிண்ணத்தை வைத்துவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு வந்துவிட வேண்டும். பயந்த வயிற்றில் சோறு தங்காது. வாந்தியாக வரும், அதையும் நாம்தான் கழுவ வேண்டும். காத்திவாக்கம் தாண்டி, கழிமுகத்தை ஒட்டி இருக்கும் எங்கள் நாய்க் காப்பகத்தில் கழுவிக் கழுவியே இதைக் கற்றுக்கொண்டேன்.

மோப்ப நாய்ப் பிரிவுக் காவலர் மகிழினியை ஏன் அடைத்து வைத்தாய் என்று கேட்டீர்கள். அடைத்து வைப்பது என்ற சொல் எனக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் நீங்கள் எழுதியதை நான் அடித்துத் திருத்தச் சொல்லப் போவதில்லை. கேட்டதற்குப் பதில் சொல்கிறேன். நிதானமாகத்தான் சொல்வேன், அவசரப்படுத்தினால் எனக்கு நாக்கு குழறும்.

அவள் முதன்முதலாக எங்களிடம் வந்தது வீராவைக் கூட்டிக்கொண்டுதான். வீரா துறைமுகத்தில் வெடிகுண்டு மோப்பம் பிடித்த லாப்ரடார். அவனைப் பழக்கியதும் வேலை வாங்கியதும் அவள்தான். இடுப்பு விழுந்துபோனதால் அவனுக்கு ஓய்வு கொடுத்துவிட்டார்கள். வியாசர்பாடியில் அவள் வீடு மூன்றாவது மாடி. நடக்க முடியாத நாயைத் தினமும் தூக்கி ஏற்றி இறக்க அவளால் முடியவில்லை. அதனால் எங்களிடம் விட்டாள்.

"அண்ணே, இன்மே இவனுக்கு நீதான் எல்லாமே. பாத்துக்கோண்ணே," என்றாள். வீரா பார்த்துவிடக் கூடாது என்று சுவர்ப் பக்கம் திரும்பி நின்று அழுதாள். ஒரு நாயின் மனம் நோகக் கூடாது என்று முகத்தை மறைத்துக்கொண்டு அழுத மனுஷியை நான் அதுவரை பார்த்ததில்லை. அன்றைக்கே எனக்கு அவள் மேல் ஆசை வந்துவிட்டது. அண்ணே என்று கூப்பிட்டாளே என்று நீங்கள் கேட்கலாம். எங்கள் பக்கம் டீ மாஸ்டரையும் அண்ணே என்றுதான் கூப்பிடுவார்கள். அதை வைத்து ஒன்றும் முடிவு கட்டக் கூடாது.

ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வருவாள். நான் கோழிக்கழுத்து போட்டுக் கஞ்சி வைப்பேன், அவள் வீராவுக்கு ஊட்டுவாள். பிறகு எடை பார்ப்போம். வீரா தராசில் நிற்க மாட்டான். அதனால் அவனைத் தூக்கிக்கொண்டு அவள் ஏறுவாள், பிறகு தனியாக ஏறுவாள். அவள் எடையைக் கழித்தால் அவன் எடை வந்துவிடும். "அண்ணே, என் வெய்ட்ட மட்டும் யாருக்கும் சொல்லிடாத," என்று சிரிப்பாள். நான் சொன்னதில்லை. அந்தச் சிரிப்பை வைத்துத்தான் வாரம் முழுக்க ஓட்டினேன்.

ஒரு நாள் கையில் மிட்டாய்ப் பெட்டியோடு வந்தாள்.

"தவசிண்ணே, எனக்குக் கண்ணாலம். அவரு புழல் ஜெயில்ல வார்டரா கீறாரு. குவாட்டர்ஸ் குட்த்துக்கீறாங்க. கீழ் வூடு, முன்னாடி மண்ணு தரை. வீராவ நானே இட்டுகினு பூடுவேன். உனுக்கு இனிமே பேஜாரே இல்ல."

"எனக்கு இன்னா பேஜாரு?" என்றேன்.

"சும்மா சொன்னேண்ணே. கோச்சுக்காத."

நான் கோபித்துக்கொள்ளவில்லை. பயந்துவிட்டேன். வீரா போய்விட்டால் அவள் ஏன் இந்தப் பக்கம் வரப் போகிறாள்? இனி ஞாயிற்றுக்கிழமைகளில் நான் யாருக்குக் கஞ்சி வைப்பது? எல்லோரும் அவள் பயந்ததையே பேசுகிறீர்கள். முதலில் பயந்தவன் நான்தான், அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

காப்பகத்தில் ஒரு முறை இருக்கிறது. பயந்த பிராணியை, அதன் பயம் தெளிவதற்கு முன் திறந்துவிடக் கூடாது. ஒரு தடவை இரக்கப்பட்டு ஒரு பெட்டை நாயைத் திறந்துவிட்டார்கள். அது நேரே எக்ஸ்பிரஸ் சாலையில் ஏறி கண்டெய்னர் லாரிச் சக்கரத்தில் மாட்டிக்கொண்டது. சாலையைச் சுரண்டி எடுத்தவன் நான். மகிழினியும் யாரோ காட்டிய ஒரு மண் தரையைப் பார்த்து ஓடிக்கொண்டிருப்பதாகத்தான் எனக்குத் தோன்றியது. கொஞ்ச நாள் ஓரிடத்தில் இருந்து யோசித்தால் தெளிந்துவிடுவாள் என்று நினைத்தேன்.

வீராவுக்குப் பேதியாகிறது, தனிவார்டில் போட்டிருக்கிறேன் என்று ஃபோன் செய்தேன். ட்யூட்டி முடிந்த கையோடு வந்தாள். தனிவார்டு என்பது கடைசியில், மற்றக் கூண்டுகளை விட்டுத் தள்ளி, கம்பிக் கதவு போட்ட சாமான் அறைக்குப் பக்கத்தில் இருக்கும் ஓர் அறை. ஜன்னல் கிடையாது, மேலே ஒரு விசிறி, தரையில் ஒரு சாக்கடைத் துளை. உள்ளே போய் உட்கார்ந்து வீராவின் தலையை மடியில் வைத்துக்கொண்டாள். நான் டீ கொடுத்தேன். கருத்தடைக்குப் பிடித்து வரும் நாய்களுக்குக் கொடுக்கும் மயக்க மருந்து எங்களிடம் எப்போதும் இருக்கும். அவள் எடை எனக்குத் தெரியும் என்று சொன்னேனே. அளவு தப்பவில்லை.

அவள் வண்டியைத் திருவொற்றியூர் ரயில்வே ஸ்டேஷனில் விட்டேன். ஃபோனை வழியில் நின்ற ஒரு லாரியின் தார்ப்பாய்க்குள் செருகினேன். திரும்பி வந்து, தனிவார்டுக் கதவில் 'பார்வோ' என்று பலகை மாட்டி, வாசலில் பிளீச்சிங் தண்ணீர்த் தொட்டி வைத்தேன். பார்வோ என்றால் குட்டிகளை வாரிக்கொண்டு போகும் பேதி நோய். செருப்பில் ஒட்டிக்கொண்டு வீடு வரை போகும், மாதக்கணக்கில் சாகாது. எங்கள் வேலையாட்கள் எல்லோர் வீட்டிலும் நாய் உண்டு. நாயை நேசிக்கிறவன் எவனும் அந்தப் பலகையைத் தாண்ட மாட்டான். முழங்கால் ஆபரேஷன் செய்துகொண்ட முதலாளியம்மாவும் வாசலோடு பார்த்துவிட்டுப் போய்விடுவார்.

விழித்ததும் கத்தினாள். கத்தட்டும் என்று விட்டேன். அறுபது நாய் குரைக்கிற இடத்தில், லாரிகள் ஓடுகிற சாலையோரத்தில், ஒரு குரல் எங்கே கேட்கும்? எனக்குக் கஷ்டமாக இருந்தது வீராவைப் பார்த்துத்தான். நான் கதவைத் திறந்தபோது, எழுந்து நிற்கக்கூட முடியாதவன், அவளுக்கு முன்னால் ஊர்ந்து வந்து என்னைப் பார்த்துப் பல்லைக் காட்டினான். என் கையால் தின்ற நாய். அவனை வெளியே தூக்கிக்கொண்டு வந்தேன்.

"வீரா பக்கத்து ரூம்ல கீறான். நீ கத்துனா அவனுக்கு ஊசி. கத்தலன்னா அவனுக்கு ஒண்ணும் ஆவாது," என்று கதவுக்கு வெளியே இருந்து சொன்னேன்.

கத்துவது நின்றது.

அதன் பிறகு எல்லாம் முறைப்படிதான் நடந்தது. முதலில் நான் போன பிறகு சாப்பிட்டாள். பிறகு நான் நிற்கும்போதே சாப்பிட்டாள். சோற்றில் கோழித்துண்டு இருந்தால் அதைப் பொறுக்கித் தட்டின் ஓரத்தில் வைத்து என் பக்கம் தள்ளுவாள்.

"இத வீராவுக்குக் குடு."

"தரேன்."

"அவன் சாப்ட்டானா?"

"சாப்ட்டான்."

"ராவுல குளுருமே, சாக்கு போட்டியா?"

"போட்டேன்."

இப்படி எங்களுக்குள் பேச்சு வளர்ந்தது. உள்ளதைச் சொல்லிவிடுகிறேன், வீரா பக்கத்து அறையில் இல்லை. வெளியே தூக்கி வந்த அன்றைக்கே ஊசி போட்டுவிட்டேன். கிழட்டு நாய், வலியோடு இருந்தது, என்னை வேறு கடிக்கப் பார்த்தது. கழிமுகத்தில் அனல்மின் நிலையச் சாம்பல் கொட்டிய மேட்டில் புதைத்தேன். அவள் கொடுத்த துண்டுகளை வேறு நாய்களுக்குப் போட்டேன், வீணாக்கவில்லை. அவளிடம் இதைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவள் அழுவதை என்னால் பார்க்க முடியாது.

பிறகு உங்கள் ஆட்கள் வந்தார்கள். லூர்து வந்தார், அவளோடு ஒரே பிரிவில் வேலை செய்கிறவர். ராயபுரத்துக்காரர், முரட்டு மனுஷன், நாய் என்றால் உயிர். அவருடைய டாபர்மேன் நிலாவுக்கு மகிழினியின் தொப்பியை மோந்து பார்க்கக் கொடுத்தார். நிலா எங்கள் நாய்கள் ஒன்றையும் திரும்பிப் பார்க்கவில்லை. மூக்கைத் தரையில் வைத்தபடி நேராகத் தனிவார்டு நோக்கி இழுத்துக்கொண்டு போனது. வாயைத் திறந்தால் பல் அடித்துக்கொள்ளும் என்று வாயை மூடிக்கொண்டேன்.

லூர்து பலகையைப் பார்த்தார். பார்த்த மாத்திரத்தில் கயிற்றைச் சுண்டி இழுத்து, நிலாவை அப்படியே தூக்கி மார்போடு அணைத்துக்கொண்டு பின்னால் நகர்ந்தார்.

"யோவ், முன்னாடியே சொல்றதுக்கு இன்னா? நம்ம கென்னல்ல பால்குடி மறக்காத குட்டிங்க கீதுய்யா!"

"உள்ள வீரா கீறான் சார். ரத்தமா போவுது. மகிழினி மேடம் ஞாயித்துகெழம வந்து அவன்கூடத்தான் குந்திகினு இருந்தாங்க."

"அதான் வாசன புட்ச்சிக்கீது," என்று கூட வந்த எஸ்.ஐ.யிடம் சொன்னார் லூர்து. பிறகு தள்ளி நின்றபடியே கதவைப் பார்த்துக் கூப்பிட்டார். "வீரா! டேய் வீரா! நைனா! நான்தான்டா லூர்து."

உள்ளே ஒரு சத்தமும் இல்லை. அவளுக்கு லூர்துவின் குரல் தெரியும். ஒரு கதவுதான் நடுவில். ஒரே ஒரு தடவை அவர் பெயரைச் சொல்லியிருந்தால் போதும். அவள் சொல்லவில்லை. லூர்து கண்ணைத் துடைத்துக்கொண்டு போய்விட்டார். நான் கதவைத் திறந்தபோது முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கையில் பல் பதிந்து ரத்தம் வந்திருந்தது, அவளுடைய பல்தான். "நான் கத்தல. வீராவ ஒண்ணும் பண்ணிடாத," என்றாள். அவளைப் பார்த்து அவ்வளவு பெருமைப்பட்டேன்.

நான் தோற்ற இடம் அங்கே இல்லை. லூர்து தங்கள் போலீஸ் கென்னலுக்குள் போகாமல் வெளியிலேயே நின்று, நிலாவின் காலையும் தன் பூட்ஸையும் எதைக் கொண்டு கழுவுவது என்று டாக்டர் ரூஹிக்கு ஃபோன் செய்திருக்கிறார். எங்கள் காப்பகத்துக்கும் அவர்தான் மிருக டாக்டர். அங்கே பார்வோ என்று தன்னிடம் யாரும் சொல்லவில்லையே என்று டாக்டர் கேட்டிருக்கிறார். வீரா அத்தனை தடுப்பூசியும் போட்ட பெரிய நாயாயிற்றே, அவனுக்கு எப்படி வரும் என்றும் கேட்டிருக்கிறார். நாய் மேல் இருந்த அக்கறையில் பின்வாங்கியவர், அதே அக்கறையில் திரும்பி வந்தார். இதை நான் யோசித்திருக்க வேண்டும்.

இந்தத் தடவை தொட்டியை எட்டி உதைத்துவிட்டு, பூட்டை உடைத்தார்.

கதவு விரியத் திறந்தது. "மகி, வாம்மா, நான் வந்துட்டேன்," என்று கையை நீட்டினார். அவள் எழுந்திருக்கவில்லை. சுவரோடு ஒட்டிக்கொண்டாள். என்னை இரண்டு போலீஸ்காரர்கள் பிடித்துக்கொண்டிருந்தார்கள். அவள் லூர்துவைத் தாண்டி என் முகத்தைத்தான் பார்த்தாள். நான் தலையசைத்தேன். அதற்குப் பிறகுதான் எழுந்தாள். எழுந்தவள் யார் பக்கமும் போகவில்லை. தள்ளாடித் தள்ளாடிப் பக்கத்து அறைக்குப் போய், கம்பியைப் பிடித்துக்கொண்டு, "வீரா, வா, வூட்டுக்குப் போலாம்," என்றாள். அங்கே பழைய சாக்கு மூட்டைகள்தான் கிடந்தன.

"வீரா எங்கடா?" என்று லூர்து என் சட்டையைப் பிடித்தார். பொய் சொல்லிப் பழக்கமில்லை, சொல்லிவிட்டேன். அவள் காதிலும் விழுந்திருக்கும். அவள் அப்போது கத்திய கத்தலில் காப்பகத்து நாய்கள் அத்தனையும் வாயடைத்துப்போயின.

எழுதிக்கொள்ளுங்கள். மருந்து கொடுத்தது நான், பூட்டியது நான், வீராவைக் கொன்றது நான். எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன். அந்த நாய் உயிரோடு இருக்கிறது என்று நம்பித்தான் அவள் வாயைத் திறக்கவில்லை என்று லூர்து உங்களிடம் சொல்லியிருக்கிறாராம். அதை மட்டும் எழுதாதீர்கள், மேடம். வாசலில் சொந்த ஆள் வந்து நின்று கூப்பிடும்போது, கையைக் கடித்துக்கொண்டு ஒருத்தி சத்தம் போடாமல் இருந்தாள். கேவலம் ஒரு நாய்க்காகவா அப்படி இருப்பாள்? அவள் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை.